ஆய்வுக்கூடமே வராதபோது என் ஆய்வேடு என்னாகும்?

செக்கானூரணிக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆய்வு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்விகள் அவருடையவை.

வயது 29. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். 2021-இன் தொடக்கத்தில் மதுரை வட்டாரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றில் பரிசோதனைத் துகள் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து ஓர் ஆய்வுக்கூடம் வரும் என்று நம்பித்தான் இந்தத் துறைக்கே வந்தாராம். மலை குடையப்படவில்லை. துறையின் ஆய்வகத்தில் இருக்கும் சிறிய உணர்கருவி அடுக்கை வைத்துக்கொண்டு, வானிலிருந்து வந்து விழும் மியூவான் துகள்களை எண்ணி இரண்டு ஆண்டுத் தரவு சேர்த்திருக்கிறார். இடையில் வாயு சிலிண்டர் வருவது தாமதமானது. இரண்டு உணர்கருவிகள் பழுதாயின. சித்திரை வைகாசி வெயிலில் கருவியின் மின்னோட்டம் ஏறி, பல நாள் தரவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்துவிட்டது. ஒன்றரை ஆண்டில் ஓய்வுபெறப்போகும் நெறியாளர், "இன்னும் ஒரு வருடத் தரவு எடுத்துவிட்டு எழுதலாம்" என்கிறார். இன்னொரு பேராசிரியர், வெளிநாட்டுத் துகள் முடுக்கியின் தரவில் வேலை இருக்கிறது, தலைப்பை மாற்றிக்கொண்டு வா என்று அழைக்கிறார். வீட்டில் கோயம்புத்தூர் வரன் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். "கதிர்வீச்சில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வராதா" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டிருக்கிறார். போடியில் இருக்கும் தாய்மாமன், விசேஷ வீடுகளில் பார்க்கும்போதெல்லாம், "மலைக்குள்ளே அணுக்கழிவைப் புதைக்கிற வேலைதானே உனக்கு" என்கிறார். இரவில் தூக்கம் இல்லை. கடிதம் இப்படி முடிகிறது: "ஐந்து ஆண்டுகளில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எழுத என்ன இருக்கிறது? விட்டுவிடட்டுமா?"

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். முனைவர் பட்டம் கண்டுபிடிப்புக்குத் தரும் பரிசு என்று யாரோ உங்கள் மனதில் போட்டுவிட்டார்கள். ஒரு கேள்வியை எடுத்து, அதை அளக்க ஒரு வழி செய்து, அளந்து, அந்த அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று நாணயமாகச் சொல்லத் தெரிந்தவருக்குத் தருவதுதான் அந்தப் பட்டம். உங்கள் துறையின் வரலாறே இதற்குச் சாட்சி. கோலார் தங்கவயலில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பார்த்தார்கள். உலகில் முதலில் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. அதே சுரங்கத்தில் பிறகு, அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். உறுதியான விடை கிடைக்கவில்லை. ஜப்பானில் கமியோகாண்டே என்ற பெரிய நீர்த்தொட்டிக் கருவியைக் கட்டியதும் புரோட்டான் சிதைவைப் பார்க்கத்தான். இன்றுவரை யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் 1987 பிப்ரவரியில் ஒரு சூப்பர்நோவாவிலிருந்து, அதாவது வெடித்துச் சிதறிய விண்மீனிலிருந்து, வந்த 11 நியூட்ரினோக்கள் அதே தொட்டியில் பதிவாயின. காரணம், நீரின் தூய்மையையும் பின்னணி இரைச்சலையும் அலுக்காமல் சரிசெய்து வைத்திருந்தார்கள். அந்த அலுப்பான வேலையைச் செய்தவர்களில் உங்கள் வயது மாணவர்கள் எத்தனையோ பேர்.

கருவி வேலை இயற்பியலே ஆகாது என்று உங்கள் வகுப்புத் தோழர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஜார்ஜ் ஷார்பாக்குக்கு 1992-இல் நோபல் பரிசு கொடுத்தது ஓர் உணர்கருவிக்காக. டொனால்ட் கிளேசருக்கு 1960-இல் கொடுத்ததும் அப்படியே. தோழருக்கு இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். அதற்கு மேல் அவருக்காக நேரம் செலவிட வேண்டாம்.

மலை வேறு, ஆய்வேடு வேறு

பொட்டிபுரம் திட்டத்தின் நிலையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகைக்குள், காந்தமாக்கிய 50,000 டன் இரும்புத் தகடுகள். தகடுகளின் இடைவெளிகளில் 28,000-க்கும் மேற்பட்ட உணர்கருவிகள். அதே 2015 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் பணி நடக்கக் கூடாது என்றது. 2018-இல் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்று அதே ஆண்டு பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2022-இல் தமிழ்நாடு அரசு தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் எழுத்தாகவே தாக்கல் செய்தது.

இந்தக் கதை எப்படி முடிந்தாலும் உங்கள் ஆய்வேட்டுக்கு அது தீர்ப்பு ஆகாது. இதை நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பொட்டிபுரம் வராதபோதும் மதுரைக்கு அருகே வடபழஞ்சி வளாகத்தில் 2018 முதல் 85 டன் மாதிரிக் கருவி ஒன்று இயங்கியது. பதினொரு இரும்பு அடுக்கு, பத்து உணர்கருவி அடுக்கு. அதற்கும் முன்பே மதுரையில் வைத்த 12 அடுக்குக் கருவியில் மியூவான்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகின்றன என்று அளந்த கட்டுரை 2017-இல் வெளியானது. குகை வந்த பிறகுதான் எழுதுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இங்கே நீங்கள் உடனே ஒன்று கேட்பீர்கள்: அவர்கள் ஏற்கெனவே அளந்துவிட்டார்களே, நான் அளந்ததில் புதிது என்ன? நியாயமான கேள்வி. வாய்மொழித் தேர்விலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு செய்தியில் விடை இருக்கிறது. இரண்டு ஆண்டுகளும் அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் கருவியோடு சேர்த்தே பதிவு செய்திருக்கிறீர்கள். பெரிய கருவிகளின் குளிரூட்டிய அறைகளில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: மதுரை வெயில்.

ஆர்.பி.சி. என்று நீங்கள் அழைக்கும் உங்கள் உணர்கருவியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் ஓடும் வாயு, ஏறக்குறைய 10,000 வோல்ட். வெப்பம் ஏறினால் வாயுவின் அடர்த்தி குறைகிறது. வோல்டேஜைத் தொடாமலே உள்ளே செயல்படும் மின்புலத்தின் வீரியம் கூடிவிடுகிறது. இரைச்சலும் கசிவு மின்னோட்டமும் ஏறுகின்றன. இதை எப்படித் திருத்துவது, எந்த வெப்பநிலைக்கு மேல் திருத்தம் பயன்படாமல் போகிறது, ஈரப்பதம் எங்கே நுழைகிறது? கோடையையும் ஐப்பசி மழையையும் இரண்டு முறை பார்த்த தொடர் பதிவு இதற்கெல்லாம் பதில் சொல்லும். காற்றழுத்தம் ஏறினால் மியூவான் எண்ணிக்கை குறையும் என்பது தெரிந்த உண்மை. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதும் தெரிந்ததே. அந்த ஏற்ற இறக்கம் உங்கள் எண்ணிக்கையில் தெரிகிறதா என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த வாரமே பாருங்கள். மதுரை பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. ஆகவே மேற்கிலிருந்து வரும் மியூவான்கள் கிழக்கிலிருந்து வருபவற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உங்கள் அடுக்கில் கோணம் பிரித்துப் பார்க்க முடிந்தால், கருவி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பழுதான இரண்டு கருவிகளைப் பற்றி வெட்கப்பட்டு ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானின் பெல் பரிசோதனையில் கண்ணாடி ஆர்.பி.சி.கள் தொடக்கத்திலேயே செயல்திறன் இழந்தன. பிளாஸ்டிக் குழாய்களின் வழியே நீராவி உள்ளே புகுந்திருக்கிறது. குளிர்பதன வாயுவோடு சேர்ந்து மின்னிறக்கத்தில் ஹைட்ரோ ஃபுளோரிக் அமிலம் உண்டாகி, கண்ணாடியின் உட்பரப்பை அரித்துவிட்டது. குழாய்களைச் செம்புக்கு மாற்றிச் சரிசெய்தார்கள். அந்தப் பாடம் இன்றும் உலகெங்கும் சொல்லித்தரப்படுகிறது. உங்கள் கருவிகள் எதனால் கெட்டன? திறந்து பார்த்தீர்களா, மூலையில் வைத்துவிட்டீர்களா? மூலையில் இருந்தால் எடுங்கள். அது ஓர் அத்தியாயம்.

"இன்னும் ஒரு வருடத் தரவு"

உங்கள் நெறியாளர் உங்களை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. பரிசோதனை இயற்பியலில் ஊறியவர்களுக்குத் தரவு போதும் என்று சொல்ல வாய் வராது. அது தொழில் பழக்கம். அதற்காக அவர் சொல்வது சரி என்றும் ஆகிவிடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணிக்கையில் வரும் புள்ளியியல் பிழை, தரவின் வர்க்கமூலத்துக்கேற்பத்தான் குறையும். இரண்டு ஆண்டுத் தரவு மூன்றானால் பிழை ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அதைப் பாதியாக்க வேண்டுமென்றால் மொத்தம் எட்டு ஆண்டுத் தரவு வேண்டும். இதற்கும் மேல், உங்கள் முடிவில் பெரிய பிழை எது? கருவியின் செயல்திறன், வெப்பத் திருத்தம் போன்ற முறைசார் பிழைகள்தான் பெரியவை என்றால், ஆண்டுக்கணக்கில் எண்ணினாலும் அவை அசையா.

ஆகவே அவரிடம் போய் "எனக்கு வயதாகிறது, வீட்டில் வற்புறுத்துகிறார்கள்" என்று தொடங்காதீர்கள். அவர் பரிதாபப்படுவார், தேதி நகராது. ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணையோடு போங்கள். இடப்பக்கம் ஒவ்வொரு பிழையின் மூலம், வலப்பக்கம் அதன் அளவு, கடைசியில் இன்னொரு ஆண்டு எடுத்தால் எது எவ்வளவு குறையும் என்ற கணிப்பு. அவரும் இயற்பியலாளர். எண்களோடு அவர் வாதாடலாம், முகம் சுளிக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் மாறுபாடுதான் உங்கள் ஆய்வின் மையக் கேள்வி என்று அவர் சொன்னால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு சுற்றை வைத்து அதைச் சொல்வது கடினம். அப்படியானால் அந்தக் கேள்வியை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் முதல்நிலை முடிவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கருவி அடுத்த மாணவருக்காக ஓடிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் எழுதத் தொடங்குவதற்கு அதை அணைக்க வேண்டியதில்லை.

விதிகள் உங்களுக்குத் தருவதும் தராததும்

நண்பர்கள் சொன்னதை நம்பி ஒரு பெரிய தவறான முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். கட்டுரை வெளியிடும் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எடுத்துவிட்டது, அதனால் எழுதவில்லை என்கிறீர்கள். எடுத்தது 2022 நவம்பரில் வந்த விதிகளில். அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு, அவர்கள் பதிவான காலத்து விதிகளே தொடரும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. 2021-இல் பதிவு செய்த உங்களுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள். அவற்றின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஆய்விதழில் குறைந்தது ஒரு கட்டுரையும், கருத்தரங்குகளில் இரண்டு வாசிப்புகளும் வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஒரே வாசிப்பு. எனவே ஆய்வேட்டுக்கு முன்னால் கட்டுரை. வெப்பத் திருத்தப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, கருவியியல் கட்டுரைகளை ஏற்கும் ஓர் ஆய்விதழுக்கு மூன்று மாதத்துக்குள் அனுப்புங்கள். மதிப்பீடு முடிய மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் ஆய்வேட்டின் மற்ற அத்தியாயங்களை எழுதலாம். பணம் கட்டினால் பத்து நாளில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள்.

கட்டுரையில் பெயர் வரிசையைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். துகள் இயற்பியலின் பெரிய கூட்டுக் குழுக்களில் பெயர்கள் அகரவரிசையில்தான் வரும். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வந்த கட்டுரையில் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியலே. அங்கே வரிசைக்குப் பொருளில்லை. உங்கள் ஆய்வகக் கட்டுரையில் ஐந்தாறு பேர்தான் இருப்பீர்கள், ஆகவே அங்கே பொருள் உண்டு. முதல் பெயர் யாருடையது, தொடர்புக்குரிய ஆசிரியர் யார் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கால அளவு குறித்து நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆறு ஆண்டு பொது வரம்பு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. தானாகக் கிடைக்காது, உரிய நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை வேறு கணக்கு. நெட் ஜே.ஆர்.எஃப். ஐந்து ஆண்டோடு நின்றுவிடும். பதிவுக் காலத்தின் தளர்வு பணத்துக்குப் பொருந்தாது. நெறியாளரின் திட்டநிதியில் உதவியாளர் பணியிடம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தனியார் கல்லூரியில் சேர்ந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுநேர ஆய்வாளர் என்ற பதிவை வைத்துக்கொண்டு அனுமதியில்லாமல் சேராதீர்கள். பகுதிநேரமாக மாற்ற வழியிருக்கிறது. ஆனால் வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு ஆய்வேடு எழுதி முடித்தவர்களைவிட முடிக்காதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நெறியாளரின் ஓய்வு பற்றி இப்போதே எழுத்தில் ஏற்பாடு வேண்டும். அவர் ஓய்வுபெற்ற பிறகு உங்கள் தாள்களில் யார் நெறியாளராகக் கையெழுத்திடுவார்? துறையில் ஒருவரை இணை நெறியாளராகச் சேர்க்கக் கோரி ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுங்கள். இந்தக் குழு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்கு என்று பல மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரையாண்டுக்கு ஒருமுறை உங்கள் முன்னேற்றத்தைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய அமைப்பு அது. "தரவு போதுமானது, எழுதத் தொடங்கலாம்" என்ற ஒரு வரி அதன் குறிப்பில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு வருடத்தைக் கூட்டுவது யாருக்கும் எளிதல்ல. பிழை அட்டவணையை நெறியாளரிடம் காட்டிய பிறகு, அவருடைய அறிவோடு, குழுவிலும் வையுங்கள். அவருக்குத் தெரியாமல் குழுவிடம் போக வேண்டாம். கருவி அறையின் சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

தாவுவதா, விடுவதா

முடுக்கித் தரவுக் குழுவுக்குத் தலைப்பை மாற்றிக்கொண்டு போவது ஐந்தாம் ஆண்டின் முடிவில் தவறான காரியம் என்பது என் கருத்து. அந்தத் துறையில் ஒரு குறையும் இல்லை. 2017 முதல் இந்தியா, ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் அமைப்பின் இணை உறுப்பு நாடு. நம் மாணவர்கள் அங்கே நன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் பெரிய குழுக்களில் ஆசிரியர் தகுதி பெறவே பொதுவேலை செய்து காட்ட வேண்டும். மென்பொருளைக் கற்க வேண்டும். முடிவு வெளிவரும் முன் உள்மதிப்பீடு என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. தலைப்பு மாறினால் உங்கள் வாசிப்பும் பாட நெறியும் ஓரளவு கைகொடுக்கலாம். இரண்டு ஆண்டுத் தரவு கைகொடுக்காது. அந்தப் பேராசிரியரிடம் நன்றி சொல்லி, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு வரலாமா என்று கேட்டுவையுங்கள். ஆர்.பி.சி. கருவியைக் கையால் பிரித்துச் சேர்த்தவர்களுக்கு அப்போது மதிப்பு இருக்கும். உங்கள் கருவியில் ஓடும் வாயுவில் 95 விழுக்காட்டுக்கு அருகில் இருப்பது ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயு. கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு அது. அதற்கு மாற்றைத் தேடிப் பல ஆய்வகங்கள் இப்போது உழைத்துக்கொண்டிருக்கின்றன.

எம்.பில். ஆக மாற்றிக்கொண்டு வெளியேறலாமா என்கிறீர்கள். 2022 விதிகளோடு எம்.பில். நிறுத்தப்பட்டுவிட்டது. புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயற்பியலாளர் ஆகலாம் என்ற யோசனையும் நீங்கள் நினைக்கிறபடி நேர்வழி இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அந்தப் பணிக்குத் தனித் தகுதி வைத்திருக்கிறது. இயற்பியல் முதுகலைக்கு மேல் கதிரியல் இயற்பியலில் பட்டயம், பிறகு மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி. துகள் இயற்பியல் முனைவர் பட்டம் இதற்கு ஈடாகாது. அந்தப் பணி பிடித்திருந்தால் போகலாம், நல்ல பணி. இங்கிருந்து தப்பிக்க மட்டும் என்றால் வேண்டாம்.

தூக்கமின்மையை இரண்டே சொல்லில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, காலையில் ஆய்வகம் போக நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால், அதற்கு ஆய்வு ஆலோசனை மருந்தாகாது. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். விடுவதா வேண்டாமா என்ற முடிவை, தூக்கம் திரும்பிய பிறகு எடுங்கள்.

மாமாவும் மாப்பிள்ளை வீட்டாரும்

தாய்மாமனுக்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டையும் சொல்ல வேண்டும். முதலாவது, அந்தக் குகையில் அணுக்கழிவு வைக்கும் திட்டம் இல்லை. வைக்கவிருந்தது இரும்புத் தகடும் கண்ணாடித் தகடும். அந்தக் கருவி நியூட்ரினோவை உண்டாக்கவும் செய்யாது. வானத்திலிருந்து தானாக வருவதைப் பார்க்கும், அவ்வளவே. சூரியனிலிருந்து மட்டும் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விநாடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் பாய்ந்து போகின்றன, மாமாவுக்குள்ளும்தான். இரண்டாவது, மலையைக் குடைவது பற்றி அவர் பகுதி மக்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் அறியாமையில் வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். நீர், வெடிவைப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையில் புலிகள் நடமாடும் வழி ஆகியவை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் எடுத்துப் பேசிய பொருள்கள். கழிவு பற்றிய பேச்சைத் திருத்துங்கள், மலை பற்றிய கவலையை மதியுங்கள். எல்லாக் கேள்விக்கும் "உங்களுக்கு அறிவியல் தெரியாது" என்று பதில் சொன்னவர்களால்தான் போடிப் பக்கத்தில் யாரும் அறிவியலாளர் பேச்சைக் காதில் வாங்குவதில்லை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

மாப்பிள்ளையின் தாயாருக்கு விடை எளிது. உங்கள் கருவி கதிர்வீச்சை வெளியிடுவதில்லை. வானத்திலிருந்து வருவதை எண்ணுகிறது. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. கோயம்புத்தூரில் அவர் வீட்டு வாசலிலும் அதே கணக்குத்தான். சோதனைக்காக முத்திரையிட்ட சிறு கதிரியக்க மூலங்களை ஆய்வகத்தில் பயன்படுத்தினால், அவற்றுக்கு உரிய பதிவும் பாதுகாப்பு விதிகளும் உண்டு. கருவுற்றால் உடனே ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். உண்மையில் நீங்கள் அஞ்ச வேண்டியவை வேறு: பத்தாயிரம் வோல்ட், எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன் சிலிண்டர். அந்த அறையில் வாயுக்கசிவு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

திருமணத்துக்குப் பிறகு கோயம்புத்தூருக்கே ஆய்வை மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு விதியில் இடம் இருக்கிறது. திருமணத்தால் ஊர் மாறும் பெண் ஆய்வாளர் தன் தரவோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம், பழைய நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும். ஆனால் நெறியாளருக்கோ நிறுவனத்துக்கோ நிதியுதவியோடு வந்த திட்டத்தைச் சேர்ந்த ஆய்வுக்கு இது பொருந்தாது. உங்கள் கருவி அப்படி ஒரு திட்டப் பணத்தில் வாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியை மறந்துவிடுங்கள்.

வரன் பிடித்திருந்தால் மாப்பிள்ளையிடம் நேரடியாகப் பேசுங்கள். பெரியவர்கள் வழியாகச் சொல்லியனுப்ப வேண்டாம். கட்டுரை எப்போது, ஆய்வுச் சுருக்கம் எப்போது, சமர்ப்பிப்பது எப்போது என்று மூன்று தேதிகளை அவரிடம் சொல்லுங்கள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு அது வெளித் தேர்வாளர்களிடம் போகும். அறிக்கை வந்து வாய்மொழித் தேர்வு முடிய ஆறு மாதம் என்பது விதி. அந்த மாதங்களில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இருக்காது. முகூர்த்தத்தை அதற்குள் பார்க்கச் சொல்லுங்கள்.